கடல் இல்லாத மாவட்டத்துக்குக் கடலடிப் பாடம் எதற்கு என்று கேட்ட ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் இயங்கும் எங்கள் கல்லூரியின் ஆட்சிக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

நிலவியல் துறையின் இளநிலைப் பாடத்திட்டத்திலிருந்து பெட்ரோலிய நிலவியல் தாளை வரும் கல்வியாண்டு முதல் நீக்குவதென்றும், மூன்றாமாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் சென்றுவந்த அரியலூர்க் களப்பயணத்தை நிறுத்துவதென்றும், பாறை மாதிரிகள் இருந்த கூடத்தைக் கணினி ஆய்வகத்துக்கு ஒதுக்குவதென்றும் தங்கள் குழு முடிவெடுத்திருப்பதைச் சுற்றறிக்கை வழியாக அறிந்தேன். சேலம் கடற்கரை மாவட்டம் இல்லை, இங்குள்ள பாறைகளில் எண்ணெய் கிடைக்கப் போவதுமில்லை, ஆகவே கடலடி எண்ணெய்த் தேடல் பற்றிய பாடம் இங்குள்ள மாணவர்க்குப் பயன்படாது என்பதே அதில் முதலாவதாகச் சொல்லப்பட்டுள்ள காரணம். இதே துறையில் படித்து, மேற்குக் கடலிலும் கிழக்குக் கடலிலும் துளைமேடைகளில், துளைக்குள் செலுத்தும் சேற்றோடு வெளிவரும் பாறைத்தூளையும் வாயுவையும் ஆராயும் மட் லாக்கிங் நிலவியலாளராகப் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்தக் காரணம் நிலவியலின்படியே பிழையானது என்று முன்னரே தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டைத் தவிர மறுமொழி எதுவும் வராததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை விட்டுவிடுகிறேன். உரியவர்களுக்கு அது தெரியும்.

எண்ணெய் பாறைக்குள் இருப்பது. அந்தப் பாறையின் மேல் இன்று அலை அடிக்கிறதா, நெல் விளைகிறதா என்பது பாறையின் வயதோடு வைத்துப் பார்த்தால் நேற்று நடந்த செய்தி. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி என்பது நிலத்தின் தொடர்ச்சியாகிய கண்டத்திட்டுதான்; சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது, அதில் பெரும்பகுதி வெறுந்தரையாகக் கிடந்தது.

இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா ஆகியவை கோண்டுவானா என்னும் பெருநிலத்தில் ஒட்டியிருந்த காலத்தில் தமிழ்நாட்டுக்குக் கிழக்குக் கடற்கரை என்று ஒன்று கிடையாது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பெருநிலம் விரிசல்விட்டுப் பிரியத் தொடங்கியபோது, புதுச்சேரி முதல் இராமநாதபுரம் வரையிலும், அதற்குக் கிழக்கே கடலுக்குள்ளும் உள்ள பகுதி, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்ட பள்ளங்களும் அவற்றுக்கு இடையே எஞ்சி நின்ற முகடுகளுமாக உடைந்து இறங்கியது. அரியலூர்-புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், கும்பகோணம்-மாதானம் முகடு, பட்டுக்கோட்டை-மன்னார்குடி முகடு என்று எங்கள் ஆசிரியர்கள் கரும்பலகையில் வரைந்து காட்டிய காவிரிப் படுகை அதுதான். மேற்கே உயர்ந்து நின்ற நிலத்திலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து, ஆறுகள் அரித்துக் கொண்டுபோன மணலும் களிமண்ணும் அந்தப் பள்ளங்களில் அடுக்கடுக்காகப் படிந்தன. ஆழமான இடங்களில் அவற்றின் தடிமன் 5 கிலோமீட்டரைத் தாண்டும். அத்தனைக்கும் அடியில் கிடப்பது சேர்வராயன் மலையில் தலைதூக்கி நிற்கும் சார்னோக்கைட்டும் சேலத்தைச் சுற்றியுள்ள நைஸும் ஆகிய கடினப்பாறைகள் சேர்ந்த அதே பழம்பாறைக் குடும்பம். சேலத்துக்குக் கடல் இல்லை என்பது உண்மை. நாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலின் அடித்தளத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய மாணவன் வரவேண்டிய இடம் ஏற்காடு மலைப்பாதை என்பதும் உண்மை.

இதை நான் ஏட்டில் படித்ததோடு நிற்கவில்லை. கிழக்குக் கடலில் ஒரு கிணற்றில் பணியிலிருந்தபோது, மணற்கல்லையும் களிப்பாறையையும் தாண்டியபின் துளைக்கும் வேகம் சட்டென்று குறைந்தது. சேற்றிலிருந்து பாறைத்தூளைச் சலித்துப் பிரிக்கும் ஷேல் ஷேக்கரிலிருந்து அள்ளிவந்த தூளைக் கழுவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, நீலச்சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பூச்சுப் போன்ற மினுமினுப்புடன் குவார்ட்ஸ் துணுக்குகளும், அவற்றோடு கரும்பழுப்பான ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் தெரிந்தன. மேடையிலிருந்த மற்றவர்கள் அதைப் பொதுவாகக் கிரானைட் என்று குறித்துக்கொண்டார்கள். நான் சார்னோக்கைட் என்று எழுதினேன். இந்தக் கல்லூரியின் மாதிரிக் கூடத்தில், சேர்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்த அந்தக் கல்லை உடைத்தும் அரைத்தும் பார்த்துப் பழகிய கண் அதற்கு உதவியது. அடித்தளத்தைத் தொட்டுவிட்டோமா, அது எந்த வகைப் பாறை, அதில் வெடிப்புகள் இருக்குமா என்னும் கேள்விகளுக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் விடையைப் பொறுத்தே கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதா நிறுத்துவதா என்பது முடிவாகும்.

அடித்தளப் பாறையை அடைந்தால் வேலை முடிந்தது என்று கருதிய காலம் இருந்தது. மூலப்பாறையில் சேர்ந்த உயிர்ப்பொருள், புதைந்து ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தால் எண்ணெயாகிறது. அதற்கு மேல் சூடேறினால் வாயுவாகிறது. அது மேல்நோக்கி நகர்ந்து, துளைகளுள்ள தேக்கப்பாறைக்குள் புகுந்து, மேலே மூடுபாறையும் பக்கங்களில் தப்பவிடாத அமைப்பும் இருந்தால் தங்குகிறது. தேக்கப்பாறை மணற்கல்லாகவோ சுண்ணாம்புக்கல்லாகவோதான் இருக்கவேண்டும் என்று பழைய பாடநூல்கள் அழுத்திச் சொல்லின. வியட்நாமின் தெற்கே கடலில் வெள்ளைப்புலி எனப் பொருள்படும் பாக் ஹோ எண்ணெய்க்களத்தில், 1980களில், பிளவுபட்ட கிரானைட் அடித்தளத்திலிருந்தே எண்ணெய் பொங்கி வந்து அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் கரைக்கு அப்பால் பி.ஒய்-1 என்னும் களத்தில் வாயு இருப்பது வெடிப்பும் சிதைவும் கண்ட அடித்தளப் பாறையில்தான். அது குழாய் வழியாகப் பிள்ளைபெருமாள்நல்லூருக்குக் கொண்டுவரப்பட்டது. நிலத்தில் மாதானம் களத்திலும் அடித்தளத்தில் எண்ணெய் கண்டார்கள். ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாலைக்காக வெட்டிய பாறை முகங்களில் வெடிப்புகள் எத்திசையில் ஓடுகின்றன, எவ்வளவு நெருக்கம், எவை திறந்தவை, எவை கனிமத்தால் அடைபட்டவை என்று திசைகாட்டியும் நோட்டுமாக அளந்து பழகும் மாணவன், இத்தகைய களங்களுக்குத் தேவையான முதற்பாடத்தைப் படிக்கிறான். அந்த வசதி தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் கல்லூரிக்குக் கிடையாது. தங்கள் சுற்றறிக்கை குறையாகக் காட்டும் கடினப்பாறைதான் நம் கல்லூரியின் தனி வசதி.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த மாணவர்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி முன்பே தெரியும் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். காற்றழுத்தத்தில் வெளியே பறக்கும் தூளின் நிறம் மாறியதும், அதில் ஈரம் தட்டியதும் வண்டிக்காரர் கவனிப்பதைத்தான் நாங்கள் கடலில் சேற்றையும் நுண்ணோக்கியையும் வாயுமானியையும் வைத்துச் செய்கிறோம்.

கடினப்பாறை நாடு என்பதால் எண்ணெயோடு தொடர்பில்லை என்று முடிவுசெய்தவர்கள் தாங்கள் மட்டும் இல்லை. 1958இல் நார்வேயின் நிலவியல் ஆய்வுத்துறை, நார்வே கரையோரக் கண்டத்திட்டில் நிலக்கரியோ எண்ணெயோ கந்தகமோ கிடைக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிடலாம் என்று தன் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதியது. நார்வேயின் தரையும் பெரும்பாலும் நம்முடையதைப் போலப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. தரையைப் பார்த்துக் கடலடியை அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் குரோனிங்கனில், வயல்வெளிக்கு அடியில், பழைய பாலைவன மணற்கல்லில் மாபெரும் வாயுக்களம் கண்டறியப்பட்டது. மேலே கனத்த உப்புப்படலம் மூடுபாறையாகவும் கீழே நிலக்கரி மூலப்பாறையாகவும் அமைந்த அந்த அடுக்கு வடகடலுக்கு அடியில் இங்கிலாந்து வரை நீள்கிறது என்பதைத் தரையில் பாறை படித்தவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். 1965இல் இங்கிலாந்துப் பக்கக் கடலில் வாயு கிடைத்தது. 1969 இறுதியில் நார்வேப் பக்கத்தில் எக்கோஃபிஸ்க் களம் வெளிப்பட்டது. எண்ணெய் நிலவியல் தெரிந்தவர்கள் நார்வே அரசில் மிகச் சிலரே என்ற நிலையில், மகனின் மருத்துவத்தை முன்னிட்டு 1968இல் அந்நாட்டுக்கு வந்த ஃபாரூக் அல்-காசிம் என்னும் ஈராக்கிய நிலவியலாளரிடம் வடகடல் கிணறுகளின் தரவுகளை அவர்கள் ஒப்படைத்தார்கள். அரசின் பங்கையும் கட்டுப்பாட்டையும் உறுதிசெய்த நார்வேயின் எண்ணெய்க் கொள்கையை வகுத்ததில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. படித்த ஒருவர் தற்செயலாகக் கதவைத் தட்டியது அவர்களுடைய நல்வாய்ப்பு. நாமோ படித்தவர்களை உருவாக்கிக்கொண்டிருக்கும் துறையின் கதவைச் சாத்துகிறோம்.

எக்கோஃபிஸ்கில் எண்ணெய் இருப்பது, டைனோசர்களின் கடைசிக் காலமாகிய கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியிலும் அதை அடுத்தும் படிந்த சுண்ணக்கட்டிப் பாறையில். ஏறத்தாழ அதே காலத்தில் நம் பக்கத்துக் கடலில் படிந்தவைதான் அரியலூரின் சுண்ணாம்புக்கல் அடுக்குகள். ஆத்தூர், பெரம்பலூர் வழியாக ஒரே பகலில் போய்வரக்கூடிய தொலைவில், கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சிப்பி சிப்பியாக அவை கிடக்கின்றன.

அந்தக் களப்பயணத்தை மாணவர்களின் உல்லாசப் பயணக் கணக்கில் சேர்த்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. கடலுக்கு அடியில் எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் விரல்நகத்தில் அடங்கும் தூளும், நில அதிர்வு ஆய்வின் கோடுகளும், எப்போதாவது எடுக்கப்படும் ஓர் உருளைத்துண்டும்தான். அதே அடுக்குகள் தரைக்கு மேல் தலைகாட்டும் இடத்தை ஒருமுறை நடந்து பார்த்திராதவர்க்கு அந்தக் கோடுகள் கோடுகளாகவே இருக்கும். ஊட்டத்தூர்ப் பக்கம் போனால் பழைய நைஸின் மேல் கடற்படிவு நேராக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இரண்டுக்கும் இடையே கழிந்த காலம் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். காரையின் மழையரித்த மேடுகளில் ஜிப்சம் நரம்புகளுக்கு இடையே அம்மோனைட், பெலம்னைட் என்னும் அழிந்துபோன கடலுயிர்களின் புதைபடிவங்களைப் பொறுக்கலாம். அந்தக் களிப்பாறையின் தொடர்ச்சிதான் கிழக்கே ஆழத்தில் சாத்தப்பாடிக் களிப்பாறை என்ற பெயரில் காவிரிப் படுகையின் முக்கிய அடுக்குகளில் ஒன்றாக இருக்கிறது. சாத்தனூர்க் கல்மரம் கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த மரம். 1860களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று வகைப்படுத்திய காலத்திலேயே கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை நடந்தே வரைபடமாக்கினார்கள். இந்தியாவின் முதல் கற்கோடரியைப் பல்லாவரத்தில் கண்டெடுத்த அந்த ஃபூட் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும், அவருடைய கல்லறை இருப்பதும் நம் ஏற்காட்டில். இவ்வளவும் பக்கத்தில் இருக்க, பேருந்து வாடகையைக் காரணம் காட்டிப் பயணத்தை நிறுத்துவது எந்த வகைச் சிக்கனம் என்று விளங்கவில்லை.

நம் நாட்டின் கடலடித் தேடலும் தரையிலிருந்து நடந்துபோனதுதான். 1958இல் குஜராத்தின் காம்பேயிலும் 1960இல் அங்கலேசுவரிலும் தரையில் எண்ணெய் கண்டபின், அந்தப் பாறை அமைப்பு வளைகுடாவுக்குள் எங்கே போகிறது என்று தொடர்ந்தார்கள். 1960களில் சோவியத் ஆய்வுக் கப்பலின் துணையோடு மும்பைக்கு மேற்கே பெரிய மேட்டமைப்பை அடையாளம் கண்டார்கள். 1970இல் அலியாபெட்டில் கடலில் முதல் துளையிட்டார்கள். 1974இல் சாகர் சாம்ராட் மேடை மும்பை ஹையில் எண்ணெயை எட்டியது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. மொய்க் கவரில் வைக்கத் தேடி அலையும் ஒரு ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் இருப்பது அந்த மேடைதான். கலிபோர்னியாவின் சம்மர்லாந்தில் 1890களில் மரப்பாலங்களைக் கடலுக்குள் நீட்டித் துளையிட்டதும், தரைக்களத்தின் எல்லை அலைக்குள் போவதைக் கண்டுதான். கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் முதல் கிணறு 1947இல் மெக்சிகோ வளைகுடாவில் தோண்டப்பட்டது. அதற்குமுன் அரை நூற்றாண்டு கரையோரத்திலேயே கழிந்திருந்தது.

பெட்ரோலியத்தின் காலம் முடிகிறது என்பது தங்கள் இரண்டாவது காரணம். முடியட்டும், முடியவேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் 1996 முதல் நார்வேயின் ஸ்லெய்ப்னர் களத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை கார்பன் டை ஆக்சைடைக் கடலடி மணற்கல்லில் செலுத்தி அடைத்துவருகிறார்களே, அது கசியாமல் இருக்குமா என்று சொல்வதற்கும் தேக்கப்பாறையையும் மூடுபாறையையும் படித்தவர்தான் வேண்டும். துளைப்பதை எதிர்ப்பவர்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும். நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடினார்கள். 2020இல் காவிரி டெல்டாவின் வேளாண் நிலத்தைக் காக்கச் சட்டம் வந்தது. கரைக்கு அப்பால் நிலைமை வேறு: அரசியலமைப்பின் 297ஆவது பிரிவின்படி கடலடிக் கனிம வளம் ஒன்றிய அரசைச் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவை ஒட்டியோ பாக் நீரிணையிலோ துளையிடப் போகிறோம் என்று ஓர் அறிக்கை வந்தால், அதிலுள்ள நிலவியல் பகுதியைப் படித்து மீனவர் கூட்டத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அறிக்கையை எழுதுகிறவர்களின் பக்கம் மட்டும் நிலவியலாளர்கள் இருந்தால் போதுமா?

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு அடைபட்டுவிட்டதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையின் முடிவைத் தவறாகப் படித்ததும், கிணற்றிலிருந்து உள்ளே போவதைவிட அதிகமாகத் திரவம் வெளியேறுவதைக் கவனிக்கத் தவறியதும் அதன் காரணங்களில் சேரும். சேற்றைப் பக்கத்துக் கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருந்ததால் தொட்டி மட்டத்தைக் கண்காணிப்பதே கடினமாகியிருந்தது. அந்தத் தொட்டி மட்டத்தை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நான் செய்த வேலை. எந்த அடுக்கில் அழுத்தம் எதிர்பாராமல் ஏறலாம் என்று தெரிந்தவன் அந்த நாற்காலியில் இருக்கவேண்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வேலைக்குப் போகத்தான் போகிறார்கள். படிக்காமல் போவார்கள் என்பதுதான் வேறுபாடு.

சேர்க்கை குறைந்தது என்னும் மூன்றாவது காரணத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. இருக்கும் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் சேர்க்கை கூடாது.

கடைசியாக அந்தக் கூடம். அண்மையில் கல்லூரிக்கு வந்தபோது, சேர்வராயன் பாக்சைட்டும், கஞ்சமலை இரும்புக்கல்லும், மேக்னசைட் வெள்ளைக்கல்லும், காரைப் புதைபடிவங்களும் சிமென்ட் சாக்குகளில் மிதிவண்டி நிறுத்தத்தின் ஓரம் கிடந்தன. மழைச்சாரலில் ஒட்டுச்சீட்டுகள் ஊறிப் பிய்ந்துகொண்டிருந்தன. எந்த இடத்தில், எந்த அடுக்கிலிருந்து, யார் எடுத்தது என்ற குறிப்பு போய்விட்டால் அந்த மாதிரி பெயரெழுதாத மருந்துப் புட்டிதான். எவ்வளவு அரியதானாலும் அதை வைத்துப் பாடம் நடத்த முடியாது. சில சுரங்கங்கள் இன்று மூடப்பட்டுவிட்டன. அங்கிருந்து மறுபடியும் எடுத்துவர இயலாது.

ஆகவே நான் கேட்பவை இவை. சாக்குகளிலுள்ள மாதிரிகளை இந்த வாரத்திலேயே கூரையுள்ள, பூட்டக்கூடிய இடத்துக்கு மாற்றுங்கள். குறிப்புகள் அழியுமுன் அவற்றைப் பட்டியலிட முன்னாள் மாணவர்களுக்கு அனுமதி கொடுங்கள். ஊதியமின்றிச் செய்ய நானும் இன்னும் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். பெட்ரோலிய நிலவியல் தாளை நீக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். பழைய வடிவிலேயே வைத்திருக்கவேண்டும் என்று நான் கோரவில்லை, அடித்தளப் பாறைக் களங்கள், கார்பன் சேமிப்பு, கிணற்றுப் பாதுகாப்பு, கடற்சூழல் சட்டங்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் திருத்துங்கள். அரியலூர்க் களப்பயணத்தைக் கட்டாயப் பாடமாக மீண்டும் சேருங்கள்; பேருந்துச் செலவுதான் தடை என்றால் தொகையைச் சொல்லுங்கள், முன்னாள் மாணவர்களிடம் திரட்டித் தருகிறோம். இந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் துறை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் காட்டுங்கள். அதில் நிலவியல் படித்த ஒருவரிடமாவது கருத்துக் கேட்கப்பட்டதா என்பதைத் தெரிவியுங்கள். புதிய பாடத்திட்டம் அச்சுக்குப் போகுமுன் இவற்றுக்கு எழுத்து மூலமான மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நிலவியல் துறையின் முன்னாள் மாணவன்,
சேலம்.